கல்லீரலும் இரத்தச் சோதனைச் சீட்டும்

மும்பையிலிருந்து கலியாண் வழியாகக் கர்ஜத் செல்லும் இருப்புப்பாதையில், உல்லாஸ்நகருக்கும் பத்லாபூருக்கும் நடுவே இருக்கிறது அம்பர்நாத். வால்துனி ஆற்றங்கரையில் நிற்கும் சிவன் கோயிலும் அங்குள்ள 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அவ்வூரின் பழமைக்குச் சான்று. ஆயினும் இக்காலத்தில் அவ்வூர் பெயர் பெற்றது தொழிற்சாலைகளால்தான். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை அங்கே நெடுங்காலம் நடந்தது. படைக்கலத் தொழிற்சாலையும் பல இரசாயனத் தொழிற்சாலைகளும் அங்கே எழுந்தன. தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பக்கங்களைப் போலவே அங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன.

அத்தகைய இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு வயதுத் தமிழர் ஒருவரை நாம் மனத்திற் கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஆண்டுதோறும் தொழிலாளர்களுக்குச் செய்யும் உடற்பரிசோதனையில் அவருடைய இரத்தத்தையும் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து ஒரு சீட்டு வந்தது. அதில் எஸ்.ஜி.பி.டி. என்பதற்கு எதிரே 86 என்றும், எஸ்.ஜி.ஓ.டி. என்பதற்கு எதிரே 61 என்றும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டும் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் என்று பக்கத்தில் குறியும் இருந்தது. அவருக்கோ உடம்பில் ஒரு நோவும் இல்லை. அன்று மாலையே சாலில் இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

"அண்ணாச்சி, எனக்கும் போன வருஷம் இப்படித்தான் எழுதியிருந்தது. என்ன ஆகிவிட்டது? சீட்டைத் தூரப் போடுங்கள்" என்றார் ஒருவர்.

"ஈரல் கெட்டுவிட்டது அண்ணாச்சி. லீவு போட்டு ஊருக்குப் போய் வேர் சாப்பிட்டு வாருங்கள்" என்றார் மற்றவர்.

இவ்விரண்டும் பிழை. அந்த எண் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்தால் இவை ஏன் பிழை என்பது விளங்கும்.

நம் வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், விலா எலும்புகளின் மறைவில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் கல்லீரல் அமைந்துள்ளது. குடல் உறிஞ்சும் சத்தின் பெரும்பகுதி முதலில் அங்கேதான் போய்ச் சேருகிறது. சர்க்கரையைச் சேமித்து வைத்து வேண்டும்போது கொடுப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், இரத்தத்தில் கலந்திருக்கும் ஆல்புமின் என்னும் புரதத்தை ஆக்குவதும், காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களைச் செய்வதும், நாம் விழுங்கும் மருந்துகளையும் நஞ்சுகளையும் உருமாற்றி வெளியே அனுப்புவதும் அதன் வேலைகள். இத்தனையும் நடப்பது கோடிக்கணக்கான நுண்ணிய உயிரணுக்களுக்குள்ளே. அவ்வேலைகளை விரைவாக்கும் பொருள்களுக்கு நொதிகள் என்று பெயர். சீட்டில் கண்ட எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டும் அத்தகைய நொதிகளே. முன்னதை இப்பொழுது ஏ.எல்.டி. என்றும், பின்னதை ஏ.எஸ்.டி. என்றும் அழைக்கிறார்கள். பெயர்தான் மாறியது, பொருள் ஒன்றே.

இவை இருக்க வேண்டிய இடம் உயிரணுவின் உள்ளே. பழைய உயிரணுக்கள் மடிந்து புதியவை தோன்றுவது இயல்பாதலால் இரத்தத்தில் சிறிதளவு எப்பொழுதும் காணும். உயிரணுக்கள் வீங்கியோ உடைந்தோ போகும்போது அவ்வளவு கூடுகிறது. நெல் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு ஒன்றின் வாசலில் நெல் சிந்திக் கிடப்பதைப் பார்க்கிறோம். உள்ளே எங்கோ மூட்டை கிழிந்திருக்கிறது என்று தெரிகிறது. கிழித்தது எலியா, மழையா, சுமையாளின் கொக்கியா என்பது தெரிவதில்லை. கிடங்கில் மீதி நெல் எவ்வளவு என்பதும் தெரிவதில்லை. ஏ.எல்.டி. எண்ணின் தன்மை இதுதான். இச்சோதனைத் தொகுதிக்கு 'ஈரல் செயற்பாட்டுச் சோதனை' என்று பெயர் வைத்தவர்கள் நமக்குப் பெருங்குழப்பத்தை உண்டாக்கி வைத்தார்கள். நொதிகளின் அளவு ஈரலின் செயற்பாட்டை அளப்பதே இல்லை, சேதத்தைத்தான் காட்டுகிறது.

இந்தச் சோதனை பிறந்த கதையும் கேட்கத்தக்கது. 1954-இல் அமெரிக்காவில் லா டூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மென் என்னும் மூவர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் ஏ.எஸ்.டி. உயர்வதைக் கண்டு வெளியிட்டார்கள். ஆகவே, ஈரலுக்குரியதென்று இன்று நாம் எண்ணும் நொதி முதலில் பேசப்பட்டது இருதயத்தை வைத்துத்தான். அடுத்த ஆண்டு இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரில் தே ரீத்திஸ் என்பவரும் அவர் துணைவர்களும், வைரஸால் வரும் ஈரல் அழற்சியில் இந்நொதிகள் உயர்வதை எடுத்துக் காட்டினார்கள். இன்றும் ஏ.எஸ்.டி. ஈரலுக்கு மட்டும் உரியதன்று. இருதயத்திலும், கைகால் தசையிலும், சிவப்பணுக்களிலும் அது உண்டு. முதல் நாள் முழுவதும் பீப்பாய்களை உருட்டியவரிடம் மறுநாள் இரத்தம் எடுத்தால் அது சற்று உயர்ந்து காணலாம். ஏ.எல்.டி. பெரும்பாலும் ஈரலைச் சார்ந்தது.

அதே 1955-ஆம் ஆண்டின் கடைசியில் தில்லியில் பெருங் காமாலை பரவிற்று. யமுனையின் ஓட்டம் மாறி, நஜஃப்கட் சாக்கடை நீர் வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக 29,300 பேருக்குக் கண் மஞ்சளாயிற்று. குளோரின் மிகுதியாகச் சேர்க்கப்பட்டதால் டைபாய்டு அவ்வாறு பெருகவில்லை. இந்த வைரஸ் மட்டும் தப்பிப் பிழைத்தது. கருவுற்ற பெண்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. அது எந்த வைரஸ் என்று அப்பொழுது யாருக்கும் தெரியாது. சேமித்து வைத்த அக்காலத்து இரத்தநீரைச் சோதித்து, அது 'ஏ' வகையும் அன்று, 'பி' வகையும் அன்று என்று 1980-இல் வெளியிட்டார்கள். இன்று அதனை 'ஈ' வகை என்கிறோம். அக்கொள்ளைநோயில் நோயாளரை எண்ணியது கண்ணின் மஞ்சளை வைத்து. கண் மஞ்சளாகாமலே ஈரல் புண்பட்டோர் அக்கணக்கில் வரவில்லை. அத்தகையோரையும் கண்டுகொள்ளும் வழியாக நொதிச் சோதனை அதன் பின்னரே பரவிற்று. உடம்பில் ஒரு நோவும் இல்லாத நம் அம்பர்நாத் தொழிலாளியின் கையில் இன்று சீட்டு இருப்பது அதனால்தான்.

இனி அந்த 86-க்கு வருவோம். பெரும்பாலான சோதனைச் சாலைகள் ஏ.எல்.டி. லிட்டருக்கு 40 அலகு வரை இருக்கலாம் என்று அச்சிடுகின்றன. சாலைக்குச் சாலை இது சிறிது மாறும். நோயற்ற ஆண்களுக்கு 33-க்குள்ளும் பெண்களுக்கு 25-க்குள்ளும் இருப்பதே முறை என்பது ஈரல் நிபுணர் பலரது கருத்து. எப்படிப் பார்த்தாலும் 86 என்பது இரண்டு மூன்று மடங்கு. ஐந்து மடங்குக்கு உட்பட்ட உயர்வை இலேசானது என்பார்கள். வைரஸ் காமாலையின் தொடக்கத்திலும், பாராசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்கியபோதும் அது ஆயிரங்களில் நிற்கும். எனவே நம் தொழிலாளியின் ஈரல் இன்றோ நாளையோ அழியப்போவதில்லை. அதற்காகச் சீட்டைக் கிழித்துவிடவும் ஆகாது. இலேசான உயர்வே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ஈரலில் தழும்பு விழுந்து, அது சுருங்கி இறுகும் நோய் வரலாம். அதனைச் சிரோசிஸ் என்கிறோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈரல் சுருங்கி இறுகியவர் பலருக்கு ஏ.எல்.டி. 30, 35 என்று சாதாரணமாகவே காணும். சிந்துவதற்கு நெல் மிச்சமில்லை. இதனினும் கொடிய நிலை ஒன்றுண்டு. கடுங் காமாலையில் ஏ.எல்.டி. மூவாயிரத்திலிருந்து சில நாளில் முந்நூறுக்கு இறங்குகிறது. வீட்டார் மகிழ்ந்து போகிறார்கள். ஆனால் பிலிருபின் என்னும் மஞ்சட் பொருளின் அளவு அதே நாட்களில் ஏறுகிறது. இரத்தம் உறைய ஆகும் நேரமும் நீளுகிறது. நோயாளி பகலில் தூங்கிப் பிதற்றுகிறார். இது குணமன்று, ஈரல் ஓய்ந்துபோவதன் அறிகுறி. ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய நிலை. இந்த ஒன்றை நேயர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும் என்பது நம் விருப்பம். நொதியின் எண் குறைவது மட்டும் நற்செய்தி ஆகாது.

ஆகவே ஈரலின் வேலைத்திறனை அறியச் சீட்டின் வேறு வரிகளைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் சோதனை ஈரலின் அன்றாட உழைப்பைக் காட்டும். சில நாட்களிலேயே மாறுதல் தெரியும். ஆல்புமின் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகத் தேயும் பொருளாதலால், அது குறைந்திருந்தால் நெடுநாட் கோளாறென்று ஊகிக்கலாம். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் மற்றொரு நொதி பித்தக் குழாய் அடைபட்டால் உயரும். எலும்பிலும் அது உண்டாகையால் வளரும் பிள்ளைகளுக்கும், நஞ்சுக்கொடியில் உண்டாகையால் கருவுற்ற பெண்களுக்கும் இயல்பாகவே மிகுந்திருக்கும். மகனுடைய சீட்டில் அதைக் கண்டு இரவெல்லாம் உறங்காத தாய்மார்கள் உண்டு. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.யைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் டாக்டர் குடியைப் பற்றி விசாரிப்பார். அப்பொழுது பக்கத்தில் மனைவி நிற்கிறாளே என்று பொய் சொல்லுகிறவர்கள் பலர். அவளை வெளியே அனுப்பிவிட்டாவது உண்மையைச் சொல்லிவிடுவது நலம்.

நம் தொழிலாளிக்கு ஏ.எஸ்.டி.தான் குறைவு. பிலிருபினும் ஆல்புமினும் சரியாக உள்ளன. அப்படியானால் மூட்டையைக் கிழித்தது எது?

முதலிற் கேட்க வேண்டியது, சென்ற ஆறு மாதத்தில் என்னென்ன விழுங்கினார் என்பதே. டாக்டர் எழுதிய மாத்திரை மட்டுமன்று. கஷாயம், சூரணம், உடம்பு தேறுவதற்கென்று விற்கும் மாவு எல்லாம் இதில் அடங்கும். கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டின் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மும்பையில் காரணம் தெரியாத ஈரல் அழற்சியுடன் ஆறு நோயாளிகள் வந்ததையும், அறுவரும் நோயெதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடியை உட்கொண்டவர்கள் என்பதையும் அங்குள்ள ஈரல் மருத்துவர்கள் 2021-இல் எழுதி வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவர் இறந்தார். மற்றவர்களுக்குச் சீந்திலை நிறுத்தியபின் நொதிகள் தணிந்தன. ஆயுஷ் அமைச்சகம் இம்முடிவை ஏற்கவில்லை. உண்டது சீந்தில்தானா, அதைப்போன்ற வேறு கொடியா என்பது நிறுவப்படவில்லை என்றது. மறுத்துரைத்ததில் நியாயமில்லாமல் இல்லை. பின்னர் நாட்டின் பல மருத்துவ மனைகளிலிருந்து இதுபோன்ற நாற்பதுக்கு மேற்பட்டவர்களின் விவரம் திரட்டப்பட்டது. பெயர் எதுவாயினும், வேலியிலிருந்து பறித்த கொடியைத் தாமே தெரிந்தெடுத்து மாதக்கணக்கில் காய்ச்சிக் குடிப்பது ஆபத்தற்றதன்று என்பது தெளிவாயிற்று.

கீழாநெல்லியின் கதை வேறு. அது நம் நாட்டார் தலைமுறை தலைமுறையாகக் காமாலைக்குக் கொடுத்துவரும் செடி. சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் தியாகராஜனும் பிறரும், 'பி' வைரஸைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, 1988-இல் லான்செட் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பி' வைரஸை நெடுநாள் உடலில் தாங்கிவந்த 37 பேருக்குக் கீழாநெல்லித் தூளை முப்பது நாள் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறுந்தூள் கொடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே நம் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. இதனைச் சொல்ல நமக்கு வருத்தமே. எனினும் முறையாகச் சோதித்துப் பார்த்த அந்த முயற்சி பெருமைக்குரியது. 'ஏ', 'ஈ' வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் தாமே தணிபவை. அவ்வமயம் எதை உட்கொண்டிருந்தாலும் புகழ் அதற்குப் போய்ச் சேரும். ஊர் வேருக்குக் கிடைத்த புகழில் பெரும்பகுதி இவ்வாறு வந்ததே.

மருந்தைப் பற்றிப் பேசும்போது காசநோய் மருந்துகளையும் சொல்ல வேண்டும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் உயிர்காக்கும் மருந்துகள். சிலருக்கு ஈரலைத் தாக்குபவையும்கூட. வாந்தியோ மஞ்சளோ இருந்து நொதிகள் மூன்று மடங்கானாலும், ஒரு குறியும் இல்லாமல் ஐந்து மடங்கானாலும் மருத்துவர் அவற்றை நிறுத்திவைத்து, பின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். பசி மறுத்து, வாந்தி கண்டு, சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே அவரிடம் போக வேண்டும். ஆனால் இலேசான உயர்வைக் கண்டு நோயாளி தாமே மருந்தை விட்டுவிட்டால் காசம் மருந்துக்கு அடங்காததாகிவிடும். நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் அதன் கேடு அவர் ஒருவரோடு நிற்பதில்லை.

அடுத்த கேள்வி வேலையைப் பற்றியது. கொழுப்பையும் பிசினையும் கரைக்கும் கரைப்பான் திரவங்களிற் சில ஈரலுக்குப் பகை. முன்பு கார்பன் டெட்ராகுளோரைடு அவ்வாறு பெயரெடுத்தது. செயற்கைத் தோலிலும் மருந்துச் செய்முறையிலும் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு மற்றொன்று. இது மூக்கின் வழியே மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உட்புகும். நச்சுப் பொருளால் வரும் காமாலை, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களுள் ஒன்றாக 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. தொழிலாளி தாம் கையாளும் பொருளின் பெயரை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போவது நல்லது. அதே இடத்தில் வேலை செய்யும் இன்னும் இருவருக்கும் எண் உயர்ந்திருந்தால், நோய் ஆளிடத்தில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

'பி', 'சி' வைரஸ்களுக்கும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் சிகிச்சையும் இலவசம். 'சி' வகையை மூன்று மாத மாத்திரையால் பெரும்பாலும் முற்றிலும் நீக்கிவிடலாம். இவை இரத்தத்தால் பரவுபவை; 'பி' உடலுறவாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். ஒரு தட்டில் உண்பதால் பரவா. இதை அறியாமல் ஒருவருடைய தம்ளரைத் தனியே வைப்பது கொடுமை.

நம் தொழிலாளிக்கு வைரஸ் இல்லை என்றும், மருந்தோ கொடியோ குடியோ இல்லை என்றும் வந்தது. அவருடைய அறையிலும் நச்சுக் காற்று இல்லை. இடுப்பைச் சுற்றி அளந்தார்கள், 102 செண்டிமீட்டர். இரவு முறை வேலை. விடியற்காலையில் வடாபாவும் மூன்று சர்க்கரைத் தேநீரும். வீட்டுக்கு வந்து சோறுண்டு உறக்கம். இரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. வயிற்றை ஒலியலைப் படம் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. இலேசான நொதி உயர்வுக்கு இன்று பெரிதும் காணப்படும் காரணம் இதுவே. 2021-இல் நம் அரசு கொழுப்பு ஈரலையும் சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

கொழுப்போடு தழும்பும் விழத் தொடங்கிவிட்டதா என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்குப் போடுவதுண்டு. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்க வேண்டும். அதனை, ஆயிரங்களில் சொன்ன தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். நம்மவருக்கு வயது 42, ஏ.எஸ்.டி. 61, தட்டணு 240 ஆயிரம், ஏ.எல்.டி. 86. விடை ஏறத்தாழ 1.15 வருகிறது. 1.3-க்குக் கீழ் இருந்தால் பெருந்தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேல் சென்றால் நிபுணரிடம் போயாக வேண்டும். நான்கு எண்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் 86 என்ற ஒற்றை எண்ணுக்குப் பொருள் வந்தது.

அவருக்கு டாக்டர் ஈரல் மருந்து என்று ஒரு புட்டியும் எழுதவில்லை. இதனால் அவருக்குச் சிறிது ஏமாற்றம். 84 கிலோ எடையில் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை மெல்ல இறக்க வேண்டும். தேநீரில் சர்க்கரை வேண்டாம். இரவு முறை முடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ரிக்ஷாவில் செல்லாமல் நடந்து செல்ல வேண்டும். மதுவைத் தொட வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே சோதனைச் சாலையில் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். போகிற போக்கில், "வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா?" என்று கேட்டார். தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம் என்றார் இவர். அப்படியானால் மழைக்காலம் முடியும்வரை குடிநீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள் என்றார் டாக்டர். தில்லியைத் தாக்கிய அதே 'ஈ' வகைக் காமாலை கருப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மழையில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒன்றாக நனையும் குடியிருப்புகளில் இது வெறும் அச்சமன்று.

மூன்று மாதம் கழித்து வந்த சீட்டில் ஏ.எல்.டி. 52, ஏ.எஸ்.டி. 40. எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. பழைய சீட்டையும் புதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த சீட்டுக்கு அதே பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்.